திருப்பித் தருகிறோம்

ஐயா, நாங்கள் பதினொரு பேர்.
நாரின் பக்கத்து மலையூரிலிருந்து மினிபஸ்ஸில் வந்தோம்.
ஓட்டியவன் நான்தான், தெமிர்பெக்.
கணவாயில் பனி. இரண்டு முறை இறங்கித் தள்ளினோம்.
வந்தபோது நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தீர்கள்,
காத்திருந்தோம்.
திரும்பி வந்தீர்கள்,
அப்போதும் காத்திருந்தோம்.

கொண்டுவந்திருப்பது புகார் இல்லை.
நாற்பத்திரண்டு மதிப்பெண்கள்.
எங்கள் பிள்ளைகள் வேதியியலில் வாங்கியவை.
ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு நான்கு,
ஒரே ஒரு மூன்று, குபாத்தின் மகனுக்கு.
நடக்காத பாடத்திலும் அவன் சுமார்தான் என்று
எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ!
எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது.
எதையும் யாரும் இன்னும் செலவழிக்கவில்லை.

மூன்று வருடமாக வேதியியல் ஆசிரியர் இல்லை.
அட்டவணையில் இருக்கிறார்:
செவ்வாய், வெள்ளி, நான்காவது பாடவேளை.
உங்கள் அறிக்கையிலும் இருக்கிறார்.
வகுப்பில் இருப்பவர் உடற்பயிற்சி ஆசிரியர் எசென்பெக்.
கழுத்தில் விசிலோடு
புத்தகத்தை உரக்க வாசிப்பார்.
சமன்பாடு வந்தால்
பக்கத்தைத் திருப்பிவிடுவார்.
சோதனைக் குழாய்கள் பூட்டிய அலமாரிக்குள்,
தூசியை வாசித்தபடி.

என் மூத்த மகள் ஐந்து வாங்கியவள்.
மருத்துவக் கல்லூரித் தேர்வு எழுதிவிட்டு வந்து
'கேள்வி எந்த மொழியில் இருந்ததென்றே தெரியவில்லை' என்றாள்.
கிர்கிஸ் மொழியில்தான் இருந்தது.
ஏட்டில் காய்த்த அந்த ஐந்தோடு
பிஷ்கெக்கில் ஒரு தையல் ஆலையில்
இப்போது பித்தான் தைக்கிறாள்.

திருப்பி வாங்கப் படிவம் கிடையாது என்கிறீர்கள்.
இதோ சாய்ரகுல், சந்தையில் இறைச்சி விற்கிறவள், சொல்கிறாள்:
'கெட்டுப்போன ஆட்டுக்காலையே
நான் திருப்பி வாங்குகிறேன்
படிவம் இல்லாமல்.'

பதினேழாவது கையெழுத்தைப் பாருங்கள்.
நாங்கள் அவரிடம் போகவில்லை.
போக வெட்கமாக இருந்தது.
ராத்திரி அவரே வந்து கதவைத் தட்டினார்,
பேனா கேட்டார், நின்றபடியே எழுதினார்:
'எனக்கு வேதியியல் தெரியாது.
தெரியாது என்று மூன்று முறை எழுதிக்கொடுத்தேன்.
ஓடக் கற்றுக்கொடுக்கத் தெரியும்.'
கீழே எசென்பெக் என்று முழுப்பெயர்.
தேநீர் குடிக்கச் சொன்னோம், உட்காரவில்லை.
அவரை நீக்கிவிடாதீர்கள் ஐயா,
மைதானத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

புதிதாக வருகிறவருக்கு வீடு பார்த்துவிட்டோம்.
அடுப்பு நன்றாக எரியும், புகைபோக்கியை நானே அடைத்தெடுத்தேன்.
குளிர்காலத்துக்கு இரண்டு டன் நிலக்கரி எங்கள் செலவு.
உங்களிடம் கேட்பது ஆளை மட்டும்.
அமிலம் எது காரம் எது என்று
தயங்காமல் சொல்கிற ஓர் ஆள்.

நாலரைக்கு இருட்டிவிடும், கணவாயை மூடிவிடுவார்கள்.
மூடட்டும்.
வண்டியில் ரொட்டி இருக்கிறது.
சாய்ரகுலிடம் கத்தி இருக்கிறது,
ரொட்டிக்குத்தான், பயப்படாதீர்கள்.

என்ன?
நாற்பத்தொன்றுதான் இருக்கிறதா?
கொடுங்கள், நானும் ஒருமுறை…

ஆமாம்.

இளையவள் பெகிமாய், பத்தாம் வகுப்பு.
மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.
'உன் நியாயத்துக்கு என் ஐந்துதான் கிடைத்ததா?' என்று கேட்டாள்.
பதில் தெரியாமல் டயருக்குக் காற்றடிக்கப் போனேன்.
உறையை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனேன்.

நாற்பத்தொன்று என்றே எழுதிக்கொள்ளுங்கள்.
மீதி ஒன்று என் வீட்டில் இருக்கிறது,
அவள் தலையணைக்கு அடியிலோ எங்கேயோ.
அதை நான் கேட்கப் போவதில்லை.
பள்ளி முடிய அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.
அந்த ஐந்து உண்மையாவதற்கு
யாரையாவது அனுப்புங்கள்.